உள்ளக மிதிவண்டிப் பயிற்சிக் கருவி: வரலாறும் திண்டுக்கல் சமவெளியில் அதன் தேர்வும்

உள்ளக மிதிவண்டிப் பயிற்சிக் கருவி என்பது இடம்விட்டு நகராமல், கூரைக்குக் கீழே மிதித்துப் பயிற்சி செய்ய உதவும் சாதனம் ஆகும். சொந்த மிதிவண்டியைப் பொருத்தி மிதிக்கும் வகை வழக்கில் ‘ட்ரெய்னர்’ என்றும், தனி இயந்திரமாக அமைந்த வகை ‘எக்சர்சைஸ் சைக்கிள்’ என்றும் அழைக்கப்படுகின்றன. நோய், விபத்து, பணிச்சுமை போன்ற காரணங்களால் மிதிவண்டி ஓட்டுவதைக் கைவிட்டவர்கள், இழந்த உடல்திறனை மீட்க இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தது. நகராத வண்டியில் கால்களுக்கு எவ்வளவு எதிர்ப்பைத் தருவது, அதை எப்படி அளப்பது என்பதே அக்கேள்வி. திண்டுக்கல் போன்ற வெப்பச் சமவெளி ஊரில் எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிப்பவருக்கும் இந்த வரலாறு பயன்படுகிறது.

நின்ற வண்டியை மிதித்தல்: தமிழ்நாட்டு வழக்குகள்

ட்ரெய்னர் என்ற சொல் அறிமுகமாவதற்கு முன்பே நின்ற வண்டியை மிதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. பழைய கறுப்பு மிதிவண்டிகளின் கேரியர் ஸ்டாண்டு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும். தெருத்தெருவாகச் சென்று கத்தி, அரிவாளுக்குச் சாணை பிடிப்பவர்கள், வண்டியை அந்த ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து வார் ஒன்றை இழுத்துச் சாணைக்கல்லைச் சுழற்றினர். ஒரே வண்டி பயண வாகனமாகவும் பட்டறையாகவும் பயன்பட்டது.

ஸ்டாண்டில் நின்ற வண்டியை மிதித்து விளையாடிய சிறுவர்கள் ஓர் அடிப்படை உண்மையை அறிந்திருந்தனர். சக்கரம் சும்மா சுழலும்போது கால்களுக்கு வேலையே இல்லை. ஆனால் விளக்குக்கான டைனமோவைத் தட்டி டயரில் உரசவிட்டதும் மிதி கனக்கும். டயரில் ஓர் உருளையை உரசவிட்டு எதிர்ப்பை உண்டாக்கும் இன்றைய ட்ரெய்னரும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகக் கிராமங்களில் ‘நிற்காமல் சைக்கிள் ஓட்டுதல்’ என்ற கேளிக்கை நிகழ்ச்சியும் பரவலாக இருந்தது. ஊர்ப் பொதுத்திடலில் ஒருவர் பல நாட்கள் தரையில் கால் ஊன்றாமல் வட்டமடிப்பார். குளிப்பது, உண்பது எல்லாம் வண்டியின் மேலேயே நடக்கும். மாலையில் பாட்டும் ஆட்டமும் சாகசங்களும் சேரும். எங்கும் போய்ச் சேராமல் மிதிப்பதே மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சியாக இருந்தது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடக்கம்

நின்ற இடத்தில் கால்களை இயக்கும் கருவி மிதிவண்டிக்கே முந்தியது. 1796ஆம் ஆண்டு பிரான்சிஸ் லோண்டஸ் என்பவர் இங்கிலாந்தில் ‘ஜிம்னாஸ்டிகன்’ என்ற பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கைகளையும் கால்களையும் ஒருசேரச் சுழற்ற வைத்த இப்பொறி, மூட்டு நோயாளிகளையும் நடமாட முடியாதவர்களையும் கருதி உருவாக்கப்பட்டது. ஆகவே இக்கருவி முதலில் விளையாட்டு வீரருக்காக அல்லாமல் நோயுற்றவருக்காகவே தோன்றியது எனலாம்.

கார்ல் வான் டிரைஸ் 1817இல் செய்த இருசக்கர வண்டியில் மிதிகள் இல்லை. 1860களில்தான் பிரான்சில் மிதிகள் சேர்ந்தன. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டியும், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபின் மிதிவண்டிப் பந்தயங்கள் பெருகின. குளிர்காலத்தில் சாலையில் பயிற்சி செய்ய இயலாத வீரர்கள் ‘ரோலர்’ எனப்படும் உருளைகளை நாடினர். இதில் பின்சக்கரத்தின் கீழ் இரண்டும் முன்சக்கரத்தின் கீழ் ஒன்றுமாக மூன்று உருளைகள் இருக்கும். வண்டி எதனுடனும் பிணைக்கப்படாததால், ஓட்டுபவர் மிதித்துக்கொண்டே சமநிலையையும் காக்க வேண்டும்.

1899இல் தொடர்வண்டியின் பின்னால் காற்றுத்தடையின்றி ஒரு மைலை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கடந்து புகழ்பெற்றவர் அமெரிக்கரான சார்லஸ் மர்பி. அவரும் கறுப்பின வாகையாளரான மேஜர் டெய்லரும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாடக மேடைகளில் இத்தகைய உருளைகள் மீது போட்டியிட்டனர். வண்டிகள் நகரவில்லை, கடந்த தொலைவைப் பெரிய முகப்புத் தட்டுகளில் ஓடிய முட்களே காட்டின. கிராமத் திடலில் சுற்றிய தமிழக சைக்கிள் கலைஞருக்கு இது ஒருவகையில் முன்னோடிக் காட்சி. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் தொலைவு காட்டும் முகப்புடன் நிலையான மிதிவண்டிகள் இருந்தன.

ஆய்வகத்தில் அளவு

கேளிக்கைப் பொருளாக இருந்த கருவியை அளவுக் கருவியாக மாற்றியவர்கள் உடலியங்கியல் அறிஞர்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் கிரோக் 1913இல் காந்தத் தடை கொண்ட மிதிவண்டி எர்கோமீட்டரை வெளியிட்டார். காந்தங்களுக்கு இடையே சுழலும் உலோகத் தட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சுழற்சியை எதிர்க்கும். தட்டை எதுவும் தொடாததால் தேய்மானம் இல்லை, ஓசையும் குறைவு. இன்று கடைகளில் ‘மேக்னடிக்’ என்ற பெயரில் விற்கப்படும் கருவிகளின் அடிப்படை இதுவே. கிரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றார்.

சுவீடனில் 1954ஆம் ஆண்டு இரண்டு முக்கிய முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. வில்ஹெல்ம் வான் டபெல்ன் வார் உராய்வைத் துல்லியமாக அளக்கும் எளிய எர்கோமீட்டரை வடிவமைத்தார். மோனார்க் நிறுவனம் அதைத் தயாரித்தது. அதே ஆண்டில் பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டும் இர்மா ரிமிங்கும், அளவிட்ட சுமையில் மிதிக்கும் ஒருவரின் இதயத் துடிப்பைக் கொண்டு அவரது அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வை மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். களைத்து விழும்வரை ஒருவரை ஓடவிடாமலேயே அவரது உடல்திறனைக் கணிக்க இது வழிசெய்தது.

பின்னர் சுவீடன் உளவியலாளர் கன்னர் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவரே 6 முதல் 20 வரையிலான எண்ணால் சொல்லும் அளவுகோலை உருவாக்கினார். எந்தக் கருவியும் தேவைப்படாத இந்த அளவுகோல், பத்தாயிரக்கணக்கில் செலவிட இயலாதவர்களுக்கு இன்றும் உதவுகிறது.

திறன் இழப்பும் மீட்பும்

ஓய்வு உடலை எவ்வளவு விரைவில் தளர்த்துகிறது என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வு வெளிப்படுத்தியது. இருபது வயதையொட்டிய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் முழுநேரப் படுக்கை ஓய்வில் வைக்கப்பட்டனர். அவர்களது அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. அதே ஐவரும் 30 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராயப்பட்டபோது, அந்த 30 ஆண்டு முதுமை ஏற்படுத்திய இழப்பு மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய இழப்பைவிடக் குறைவாகவே இருந்தது. ஆறு மாதப் படிப்படியான பயிற்சிக்குப் பின், ஐம்பது வயதிலிருந்த அவர்கள் ஆக்சிஜன் நுகர்வில் தங்கள் பழைய இளமைக்கால அளவை எட்டினர்.

பயிற்சியை நிறுத்திய தாங்குதிறன் விளையாட்டு வீரர்களை எட்வர்ட் கோய்ல் குழுவினர் ஆராய்ந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் மூன்று வாரங்களில் ஆக்சிஜன் நுகர்வு சுமார் 7 விழுக்காடும், 12 வாரங்களில் சுமார் 16 விழுக்காடும் குறைந்திருந்தது. இழப்பு தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. இழந்ததைப் பெருமளவு மீட்க முடியும் என்பதும், அதற்கு வாரங்களும் மாதங்களும் தேவை என்பதும் இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகின்றன.

உள்ளகக் கருவியால் திறனை மீட்டவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன். 2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் நடந்த பந்தயத்தில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்ட அவர், வெளியே ஓட்ட இயலாத வாரங்களில் வீட்டில் ட்ரெய்னர் மீது பயிற்சி செய்தார். ஆறு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, மிகக் கடினமான பந்தயங்களில் ஒன்றான பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அவர் பல்லாண்டுப் பயிற்சி பெற்ற தொழில்முறை வீரர் என்பதையும் கருத வேண்டும். இடைவெளியின்போதும் உழைப்பு முற்றிலும் நிற்காமல் பார்த்துக்கொண்டதே அவரது மீட்சிக்கு உதவியது.

வீட்டுக்கு வந்த வகைகள்

1970களில், பின்சக்கரம் உரசும் உருளையுடன் விசிறி இணைந்த காற்றுத்தடைக் கருவிகள் பரவின. வேகம் கூடக்கூட எதிர்ப்பு பன்மடங்காகக் கூடுவதால் சாலையில் ஓட்டும் உணர்வு கிடைத்தது. ஆனால் இரைச்சல் மிகுதி. அடுத்து காந்தத் தடையும், எண்ணெய் போன்ற திரவத்துக்குள் சுழலும் இறக்கைகளால் இயங்கும் திரவத் தடையும் வீட்டுக் கருவிகளுக்கு வந்தன.

1986இல் அமெரிக்காவில் வெளியான ‘கம்ப்யூட்ரெய்னர்’ கணினியுடன் இணைந்து எதிர்ப்பை மாற்றியது. அதே காலத்தில் ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர், ஓட்டுபவரின் ஆற்றலை வாட் அலகில் காட்டும் கருவியை மிதிவண்டியிலேயே பொருத்தினார். 2012இல் வாஹூ நிறுவனத்தின் ‘கிக்கர்’ வந்தது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரடியாகக் கருவியில் மாட்டும் ‘டைரக்ட் டிரைவ்’ வகை அதன்பின் பரவியது. 2014இல் தொடங்கப்பட்ட ‘ஸ்விஃப்ட்’ நிறுவனம், திரையில் தோன்றும் கற்பனைச் சாலைகளில் பலரும் சேர்ந்து ஓட்ட வழிசெய்தது.

2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது சாலைப் பயிற்சி நின்றது. உலகெங்கும் இதே நிலை நிலவியது. அவ்வாண்டு ஜூலையில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் மெய்நிகர் வடிவம் நடந்தது. டிசம்பரில் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் முதல் மின்விளையாட்டு உலக வாகைப் போட்டியும் நடைபெற்றது. அதன் ஆடவர் பிரிவில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன், அப்போது படகு வலிப்பு வீரராகவே அறியப்பட்டவர். அளவிட்ட உழைப்பால் பெறும் திறன் ஒரே விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்றானது.

திண்டுக்கல் சமவெளியும் மிதிவண்டியும்

தமிழ்நாட்டில் மிதிவண்டி நீண்ட காலம் உடற்பயிற்சிப் பொருளாகக் கருதப்படவில்லை. அது பிழைப்புக்கான வாகனமாகவே இருந்தது. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை வழங்கியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியே லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி கற்றனர். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது.

1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்திலும் இதே நிலைதான். பூட்டுப் பட்டறை, தோல் பதனிடும் தொழிற்கூடம், வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலை, நிலக்கோட்டைப் பூ வணிகம் என எதற்குச் சென்றாலும் மிதிவண்டி உடன் இருந்தது. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்தவர்கள் அதைப் பயிற்சி என்று எண்ணவில்லை. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் பரவியபின் அந்த உழைப்பு ஓசையின்றி மறைந்தது. முன்பு சம்பளத்துக்கான வேலையோடு தானாகக் கிடைத்த உடல்திறனை இப்போது தனியே நேரமும் பணமும் செலவிட்டு மீட்க வேண்டியுள்ளது.

மீண்டும் சாலைக்கே திரும்பலாம் என்றாலும் சமவெளியில் சில தடைகள் உண்டு. திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலைகள் கனரக வாகனங்கள் நிறைந்தவை. அதிகாலையில் தெருநாய்கள் துரத்தும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி சாலையில் பாதயாத்திரை பக்தர்கள் திரளாகச் செல்வர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும். நீண்ட ஓய்வுக்குப் பின் சமநிலையும் மூச்சும் உறுதிப்படாதவருக்கு, முதல் சில வாரங்கள் வீட்டுக்குள் மிதிப்பது பாதுகாப்பானது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரை ஒட்டியே சிறுமலை உள்ளது. 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அதன் சாலை மிதிவண்டி ஆர்வலர்களை ஈர்ப்பது. ஆனால் சமவெளியில் மட்டுமே ஓட்டியவருக்கு ஏற்றப் பழக்கம் இராது. வண்டியும் ஆளும் சேர்ந்து 77 கிலோ எனக் கொண்டால், 6 விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 8 கிமீ வேகத்தில் செல்ல, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே சுமார் 100 வாட் ஆற்றல் தேவை. இடையில் ஓய்வின்றி அரைமணி நேரம் இந்த ஆற்றலைத் தரக் கால்களைப் பழக்க, தடையைக் கூட்டக்கூடிய ட்ரெய்னர் உதவுகிறது.

தேர்வில் கருதத்தக்கவை

வெப்பம்: மனித உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கே மிதிக்குச் செல்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. மிதியில் 150 வாட் தருபவரின் உடலில் 500 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகும். சாலையில் எதிர்க்காற்று அதை அகற்றும். அறைக்குள் அது இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீடோ மொட்டை மாடிக்குக் கீழான அறையோ இதற்கு ஏற்றதன்று. தரைத்தளம், அதிகாலை நேரம், உடலை நோக்கி வைத்த வலுவான மின்விசிறி, அருகில் தண்ணீர் ஆகியவை கருவியின் விலையைவிட முக்கியமானவை.

மின்சாரம்: 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டின்போது சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. நிலைமை பின்னர் மேம்பட்டது. எனினும் காந்த, திரவத் தடைக் கருவிகளுக்கு மின்சாரமே வேண்டாம் என்பது அவற்றின் சிறப்பு. ‘ஸ்மார்ட்’ வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரமும் இணைய இணைப்பும் தேவை.

கையில் உள்ள வண்டி: கேரியர் ஸ்டாண்டும் நட்டு இறுக்கிய அச்சும் கொண்ட பழைய வண்டி பல ட்ரெய்னர்களில் நேரடியாகப் பொருந்தாது. ஸ்டாண்டைக் கழற்றி, அச்சு முனைக்கு உரிய நட்டு மாற்ற வேண்டியிருக்கும். கட்டம் போட்ட தடித்த டயர் உருளையில் இரையும். வழவழப்பான டயர் நல்லது. டைரக்ட் டிரைவ் வகை கியர் வண்டிக்கு உரியது. வண்டியே இல்லாதவருக்குக் காந்தத் தடை எக்சர்சைஸ் சைக்கிள் போதும். இந்தியக் கடைகளில் பரவலாக உள்ள, கைப்பிடியும் அசையும் விசிறிச் சக்கர ‘ஏர் பைக்’ கைகளையும் இயக்குகிறது. அவ்வகையில் அது ஜிம்னாஸ்டிகனின் வழிவந்தது எனலாம்.

ஓசை: ஒட்டிக் கட்டிய வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் விசிறி வகை அண்டை வீட்டாரை எழுப்பிவிடும். கீழே தடித்த ரப்பர் பாய் விரிப்பது அதிர்வைக் குறைக்கும்.

அளவு: வாட் காட்டும் கருவி இருந்தால்தான் முன்னேற்றம் தெரியும் என்பதில்லை. திரவத் தடைக் கருவியில் குறிப்பிட்ட வேகத்துக்கு ஏறத்தாழ குறிப்பிட்ட ஆற்றலே தேவைப்படும். ஒவ்வொரு முறையும் டயரின் காற்றழுத்தமும் உருளையின் அழுத்தமும் ஒரே அளவில் இருந்தால், சக்கரத்தில் கட்டிய சிறு வேகமானியே போதுமானது. அதே வேகத்தில் இருபது நிமிடம் மிதித்தபின் நாடித் துடிப்பு சென்ற மாதத்தைவிடக் குறைந்திருந்தால் திறன் கூடியுள்ளது என்று பொருள். ஆஸ்ட்ராண்டின் முறையில் உள்ள கருத்தும் இதுவே.

உலக சுகாதார அமைப்பு வயது வந்தோருக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் தொடங்குபவர், பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவில் வாரம் மூன்று நாள் இருபது நிமிடம் தொடங்கி, சில வாரங்களில் நேரத்தையும் பின்னரே தடையையும் கூட்டுவது ஏற்றது. இது போர்க் அளவுகோலில் 11 முதல் 13 வரையிலான உழைப்பு. இதய நோய், நீரிழிவு, அண்மை அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

கருவிகளின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தையும் தாண்டுகிறது. டல்லாஸ் ஆய்வில் பங்கேற்ற ஐவரின் திறனை மீட்டது ஆறு மாதம் விடாமல் தொடர்ந்த மிதமான பயிற்சி. ஆகவே திண்டுக்கல் வீடொன்றில் ஆறு மாதம் கழித்தும் துணி காயப்போடும் கொடியாக மாறாமல், வாரந்தோறும் மிதிக்கப்படும் எளிய கருவியே சிறந்த தேர்வு. அதில் தேறிய கால்கள் ஒரு நாள் சிறுமலை அடிவாரச் சாலைக்குத் திரும்பினால் கருவியின் பணி முடிந்தது.